வானம் இடும் பசளை: இரு நாட்டு வயல்களின் கணக்கு

கைம்மாறு கருதாத கொடைக்கு மழையை உவமை கூறுவது நந்தமிழின் பழைய மரபு. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமையும் அம்மரபின் பெருமையை நன்கு உணர்த்தும். ஆயின் இக்காலத்து மழையோடு மண்ணில் இறங்குவது நீர் மாத்திரமன்று. உழவன் விலை கொடுத்து வாங்காத, தோளிற் சுமக்காத, கையால் தூவாத பசளையொன்று ஆண்டு முழுவதும் ஆகாயத்திலிருந்து அவனுடைய வயலில் விழுந்துகொண்டிருக்கின்றது. மழை பெய்யாத நாளிலும் அது விழுகின்றது. அப்பசளையின் பெயர் நைதரசன். அஃது எவ்வளவு விழுகின்றது, எங்கிருந்து வருகின்றது, அதனை யாருடைய கணக்கில் எழுதுவது என்னும் மூன்று வினாக்களை, இங்கிலாந்து, சீனா ஆகிய இரு நாடுகளை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இரசாயனத்தில் யாது வேலை எனச் சிலர் வினவுதல் கூடும். ஒரு சொல்லை ஓரிடத்தில் ஒரு பொருளிலும் மற்றோரிடத்தில் வேறொரு பொருளிலும் வழங்கி, இரண்டும் ஒன்றே என வாதிடும் மாணவனைத் திருத்துவது மொழியாசிரியர் கடன். இலக்கங்களும் அவ்வாறே பொருள் மயங்கி வழங்கப்படுவதுண்டு. நாடுகளை ஒப்பிடும் பேச்சில் அம்மயக்கம் மிகுதி. அதனைச் சுட்டிக்காட்டும் உரிமை எமக்கும் உண்டென்றே கருதுகின்றோம்.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குவோம். நாம் சுவாசிக்கும் வளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. எனினும் பயிர் அதனை நேரே உண்ணமாட்டாது. களஞ்சியம் நிறைந்திருந்தும் திறப்பு இல்லாதவன் நிலையே பயிரின் நிலை. மனிதன் தலையிடுமுன் அப்பூட்டைத் திறந்தவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று மின்னல், மற்றொன்று அவரையினச் செடிகளின் வேர்முடிச்சிலும் மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள். 1909 ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் ஹாபர் வளியின் நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கும் வழியைச் செயலிற் காட்டினார். பொஷ் என்பார் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913 இல் ஒப்பாவ் என்னும் இடத்தில் முதற் பெருந் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு இவ்வழிவந்த பசளையைச் சார்ந்து நிற்கின்றது என்பது அறிஞர் மதிப்பீடு.

திறந்த பூட்டின் வழியே வெளிப்பட்டது முழுவதும் வயலில் நிற்பதில்லை. யூரியாவை மண்ணின் மேலே தூவினால், அதன் ஒரு பகுதி அமோனியா வாயுவாகி மேலெழுந்துவிடும். மாட்டுக் கொட்டிலிலிருந்தும் எருக்குவியலிலிருந்தும் அமோனியா எழும். இது ஒரு வழி. மின்நிலையத்து உலையிலும் மோட்டார் வண்டியின் இயந்திரத்திலும் எழும் பெருவெப்பத்தில், வளியின் நைதரசனும் ஒட்சிசனும் கூடி நைதரசன் ஒட்சைட்டுகள் ஆகின்றன. இது மற்றொரு வழி. ஈரிடத்திலிருந்தும் எழுந்தவை காற்றிற் பயணஞ் செய்து, சில மழையிற் கரைந்து இறங்கும். சில வாயுவாகவும் நுண்துகளாகவும் இலையிலும் மண்ணிலும் நேரே ஒட்டிக்கொள்ளும். முன்னதை ஈரப்படிவு என்றும் பின்னதை உலர்படிவு என்றும் கூறுவர். இவ்விரு சொற்களின் வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் எழும் மயக்கம் பெரும்பாலும் இதனின்றே பிறப்பது.

இனி இங்கிலாந்தைப் பார்ப்போம். இலண்டனுக்கு வடக்கே, ஹாட்ஃபோட்ஷயரில் உள்ளது றொதம்ஸ்ரெட். அந்நிலத்தின் உடைமையாளர் ஜோன் லோஸ், 1843 இல் கில்பேட் என்னும் இரசாயனரைத் துணைகொண்டு, புறோட்போக் எனப் பெயரிய வயலிற் கோதுமை ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வயலில் எவ்வகைப் பசளையும் இடாத பாத்தியொன்று அன்று முதல் இன்று வரை பேணப்பட்டு வருகின்றது. லோஸும் கில்பேட்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றாய் உழைத்தனர்.

அக்காலத்தில் ஜேர்மனியிலே பெரும்புகழ் பெற்று விளங்கிய லீபிக், பயிருக்கு வேண்டிய நைதரசனை அமோனியா வடிவில் வளியும் மழையுமே தரும், உழவன் கனிப்பொருட்களை இட்டாற் போதும் என வாதித்தார். வாதத்தை வாதத்தால் வெல்ல முயலாது, லோஸும் கில்பேட்டும் அளந்து பார்க்கத் துணிந்தனர். 1853 இல் ஓர் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள பெரிய மழைமானியை நிறுவி, விழுந்த நீரைச் சோதித்தனர். 1855 அளவில் ஒரு ஹெக்டயருக்கு ஓர் ஆண்டில் மழையோடு வந்த நைதரசன் ஏறத்தாழ 4 கிலோகிராம் மாத்திரமே: அமோனியமாக 3, நைத்திரேற்றாக 1. நல்ல கோதுமை விளைச்சலுக்கு அது எம்மாத்திரம்! கனிப்பொருள் மட்டும் இட்ட பாத்தி மெலிந்து நின்றது. அமோனிய உப்பும் சேர்த்து இட்ட பாத்தி செழித்தது. லீபிக்கின் கூற்று வீழ்ந்தது.

அளவையை அத்துடன் நிறுத்திவிடாமையே றொதம்ஸ்ரெட்டின் சிறப்பு. நிலக்கரி பெருகியது, மோட்டார் வண்டி வந்தது, செயற்கைப் பசளை பரவியது. மழைமானி அவை யாவற்றையும் எழுதி வைத்தது. 1980 அளவில் மழையில் மட்டும் வந்த நைத்திரேற்று நைதரசன் 18 கிலோவாகவும், அமோனிய நைதரசன் 10 கிலோவாகவும் உயர்ந்தன. அஃதாவது 4 கிலோ 28 ஆயிற்று. லீபிக் அன்று பிழையாகச் சொன்னதைப் பின்வந்த புகைபோக்கிகள் ஓரளவு மெய்யாக்கின என்னலாம். பின்னர் இறக்கம் தொடங்கிற்று. 1990 களின் நடுப்பகுதியில் அவை முறையே 8 உம் 4 உம் ஆயின. ஆனால் அக்காலத்திலேயே உலர்படிவையுஞ் சேர்த்து அளந்தபொழுது, மாரிக்கோதுமை வயலில் விழுந்த மொத்த நைதரசன் ஏறத்தாழ 43 கிலோ எனக் கண்டனர். அதிற் பெரும்பங்கு, ஐந்தில் நான்குக்குச் சற்று மேல், புகையின் வழி வந்த ஒட்சைட்டு வகையைச் சார்ந்தது.

நிற்க. சீன நாட்டின் கதை வேறு. அதனைப் பசியிலிருந்தே தொடங்கல் வேண்டும். 1959 முதல் 1961 வரை அந்நாட்டைப் பீடித்த பெரும்பஞ்சம் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அரசின் கொள்கைப் பிழைகள் அதற்குப் பெருங் காரணம் என்பது வரலாறு. அதன்பின் அந்நாடு உணவை எவ்வாற்றானும் பெருக்க உறுதிகொண்டது. ஹௌ தெபாங் என்னும் சீன இரசாயன அறிஞர் 1950 களின் இறுதியில் வகுத்த முறையைக் கொண்டு, அமோனியம் இருகாபனேற்றைச் சிறு தொழிற்சாலைகள் ஊர்தோறும் ஆக்கின. 1973 தொடக்கம் பெரிய அமோனியா, யூரியாத் தொழிற்சாலைகள் பதின்மூன்றை வெளிநாடுகளிலிருந்து வாங்கினர். உலகின் விளைநிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதை வைத்துக்கொண்டு உலக மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரைச் சீனா ஊட்டி வந்தமைக்கு அந்த நைதரசனே பெருந்துணை. இதனை மறந்து சீன உழவனைப் பழிப்போர், வயிறு நிறைந்தவர் வாயினாற் பேசுவோரே ஆவர்.

எனினும் துணையாக வந்தது அளவை மிஞ்சியது. வட சீனச் சமவெளியில் மாரியிற் கோதுமையும் கோடையிற் சோளமுமாக ஆண்டுக்கு இரு போகம். 2000 களில் அவ்விரு போகத்துக்கும் சேர்த்து உழவர் இட்ட நைதரசன் ஹெக்டயருக்கு 550 முதல் 600 கிலோ வரை இருந்தது. அதனை 30 முதல் 60 சதவீதம் வரை குறைத்தாலும் விளைச்சல் குறையாது என்று 2009 இற் சீன மண்ணியல் அறிஞர் எழுதினர். மிகையானது எங்கே போயிற்று? அச்சமவெளியின் மண் சுண்ணாம்புத் தன்மை மிக்க காரமண். கார மண்ணின் மேல் தூவிய யூரியாவும் அமோனியம் இருகாபனேற்றும் எளிதில் அமோனியாவாய் எழுந்துவிடும். உழவன் காசு கொடுத்து வாங்கிய பசளை, அவன் வீடு திரும்புமுன் காற்றில் ஏறிற்று. பின்பு அயலவன் வயலிலும், தன் வயலிலும், மலையிலும் ஏரியிலும் வேறுபாடின்றி விழுந்தது.

எவ்வளவு விழுந்தது என்பதை அறியச் சீன அறிஞர் ஒரு நுண்ணிய முறையைக் கையாண்டனர். மணற்சட்டியிற் செடியை வளர்த்து, அதற்கு ஊட்டும் நைதரசனிற் பாரமான சமதானியொன்றை அடையாளமாகக் கலந்தனர். ஆகாயத்திலிருந்து அடையாளமற்ற நைதரசன் வந்து சேரச் சேர, அடையாளம் நீர்த்துப்போகும். எவ்வளவு நீர்த்ததோ அவ்வளவும் வானம் தந்தது. இம்முறையில் இலை நேரே உண்ட வாயுவுங்கூடக் கணக்கில் அகப்படும். 2000 களின் நடுப்பகுதியில் பீஜிங் அயலிலும் ஹெபெய் மாகாணத்திலும் இவ்வாறு அளந்தபொழுது ஹெக்டயருக்கு ஆண்டொன்றுக்கு 80 கிலோவுக்கு மேற் கண்டனர். மழைமானி மட்டும் காட்டியது அதிற் சிறுபகுதியே. நாடு முழுவதிலும் மழைவழிப் படிவை மட்டும் தொகுத்து நோக்கிய மற்றோர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. 1980 களிற் சராசரி 13.2 கிலோவாக இருந்தது 2000 களில் 21.1 ஆயிற்று என்பது அதன் முடிபு. இங்கிலாந்திலே புகைவழி வந்த ஒட்சைட்டு மிகுந்திருக்க, சீனாவில் வயலும் கொட்டிலும் தந்த அமோனியாவே முந்தி நின்றது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். மேலே தந்த இலக்கங்களை வைத்துக்கொண்டு இரு வழக்கறிஞர் எதிரெதிராக வாதிடலாம். ஒருவர் சொல்வார்: "றொதம்ஸ்ரெட்டில் 43, சீனாவில் 21. ஆகவே இங்கிலாந்தின் வானம் சீன வானத்தினும் இருமடங்கு மாசுடையது." மற்றவர் சொல்வார்: "சீனாவில் 83, றொதம்ஸ்ரெட்டில் 12. ஆகவே சீனா ஏழு மடங்கு கெட்டது." இருவரும் பொய்யான இலக்கம் எதனையுஞ் சொல்லவில்லை. ஆயினும் இருவர் முடிபும் பொய். முன்னவர் ஒரு நாட்டின் மொத்தப் படிவை மற்ற நாட்டின் மழைப் படிவோடு ஒப்பிட்டார். அதுவுமன்றி ஒரு வயலை ஒரு பெருநாட்டின் சராசரியோடு நிறுத்தார். பின்னவர் அதனையே தலைகீழாகச் செய்தார். மொத்தத்தை மொத்தத்தோடும், மழையை மழையோடும், வயலை வயலோடும் வைத்துப் பார்த்தால் மட்டுமே உண்மை புலப்படும். அவ்வாறு பார்க்குமிடத்து, வட சீனச் சமவெளியின் வயல் 2000 களிற் பெற்றது, றொதம்ஸ்ரெட் வயல் 1990 களிற் பெற்றதன் ஏறக்குறைய இருமடங்கு. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டின் பின் வந்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்துக் கோதுமை உழவர் ஹெக்டயருக்கு ஏறத்தாழ 190 கிலோ நைதரசன் இட்டு வந்தனர். அந்த அளவோடு பார்த்தால், முன்னர் வானம் இட்ட 43 கிலோ உழவன் இட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது. சீன வயலில் வானம் இட்ட 83 கிலோவோ உழவன் இட்டதில் ஏழில் ஒரு பங்கு. கிலோவிற் கூடியது பங்கிற் குறைந்தது! இட்டது மிகப் பெரிதாகையால், விழுந்தது சிறிதாகத் தோன்றுகின்றது. இவ்வாறு தோன்றுவதே சீன உழவன் கண்ணுக்கு வானத்தின் பசளை தெரியாமற் போனமைக்கு ஒரு காரணம் என்பது எமது கருத்து. அறுநூறு உரூபா செலவழிப்பவன் எண்பது உரூபாவைத் தேடமாட்டான். ஆனால் அந்த எண்பதும் அவனிடமிருந்தே சென்றது.

வானம் விலையின்றிப் பசளை தருமாயின் அது நன்மையன்றோ, அதனை ஏன் குறையாகப் பேசவேண்டும் என்பார் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. றொதம்ஸ்ரெட் அறிஞர் கணக்கிட்டவாறு, விளைநிலத்தில் விழும் நைதரசனிற் பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம், பயிரோடு அறுவடையாகின்றது. 30 சதவீதம் மண்ணின் சேதனப் பொருளிற் சேர்கின்றது. 12 சதவீதம் வாயுவாய் மீள்கின்றது. 5 சதவீதம் நீரோடு கீழிறங்குகின்றது. பயிருக்குச் சேரும் அப்பாதியை உழவன் தன் கணக்கிற் கழித்துக்கொள்வானாயின் அவனுக்கு ஆதாயமே.

மற்றப் பாதியை நோக்குக. பயிர் கேட்கும் வேளையில் வானம் கொடுப்பதில்லை. அறுவடை முடிந்த வெறுநிலத்திலும் கொட்டுகின்றது. வயலில் மாத்திரம் விழவேண்டுமென்று காற்றுக்குக் கட்டளையிடுவாருமில்லை. மெலிந்த மண்ணில் வாழப் பழகிய பூண்டுகள் நிறைந்த புல்வெளியில் அது விழுந்தால், கொழுத்த புற்கள் சில ஓங்கி மற்றவற்றை நெரித்துவிடும். 1856 முதல் நடந்துவரும் றொதம்ஸ்ரெட்டின் புல்வெளிப் பரிசோதனையில், நைதரசன் மிகுதியாக இட்ட பாத்திகளில் இனங்கள் அருகிப்போனதை எவரும் கண்ணாற் காணலாம். அங்கே 1880 களிற் கைவிடப்பட்டுக் காடாகிய ஒரு வயலின் மண், சுண்ணாம்பு இடுவாரின்மையால், ஒரு நூற்றாண்டுக்குள் கடும் அமிலமாயிற்று. வானத்திலிருந்து வந்தவை அதற்கு ஒரு காரணம். அமோனியா காற்றில் அமிலங்களோடு கூடி நுண்துகளாகி மூச்சோடு நெஞ்சிற் புகுவதும், பீஜிங் நகரத்தை மாரியில் மூடிய புகைமூட்டத்தில் அத்துகள்கள் பெரும்பங்கு கொண்டதும் உலகறிந்தவை. ஆகவே இது கொடையன்று. ஒருவன் இழந்த பொருளைக் காற்று அள்ளிச் சென்று, வேண்டியவர்க்கும் வேண்டாதவர்க்கும் எறிவதேயாகும்.

அவ்வாறாயின் இருநாட்டுள் எந்நாடு குற்றவாளி? இவ்வினாவை யாம் ஏற்பதற்கில்லை. இங்கிலாந்து நூற்றைம்பது ஆண்டு புகைவிட்டபின் சுத்தத்தைப் போதிக்கும் நிலையை அடைந்தது. சீனா முப்பது ஆண்டில் அவ்வழியை ஓடிக் கடந்தது. குற்றம் பகிர்வதைவிட, ஒருவரிடம் மற்றவர் கற்பது பயனுடைத்து.

இங்கிலாந்து கற்பிப்பது, ஏறியதை இறக்கலாம் என்பதே. காற்றுக்கு எல்லையில்லை என உணர்ந்த நாடுகள் 1979 இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தஞ் செய்தன. அதன் கீழ் 1988 இல் நைதரசன் ஒட்சைட்டுகளுக்கும், 1999 இல் அமோனியாவுக்கும் வரம்பு வகுத்தன. 1990 களில் நிலக்கரிக்குப் பதில் இயற்கைவாயு வந்தது. புதிய மோட்டார் வண்டிகளிற் புகையைச் சுத்திகரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. 2024 செப்டெம்பர் 30 ஆம் திகதி பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. எனினும் ஒட்சைட்டு குறைந்த வேகத்தில் அமோனியா குறையவில்லை. சில நூறு புகைபோக்கிகளைச் சட்டத்தால் அடக்கலாம். பல்லாயிரம் கொட்டில்களையும் வயல்களையும் அவ்வாறு அடக்குதல் எளிதன்று.

அவ்வரிய பகுதியையே சீனா கற்பிக்கின்றது. 2005 முதல் 2015 வரை, சீன வேளாண் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் விரிவாக்க உத்தியோகத்தர்களோடு கைகோத்து, மண்ணுக்கும் காலத்துக்கும் ஏற்பப் பசளையிடும் முறையை 2 கோடியே 9 இலட்சம் சிறு உழவர்க்கு எடுத்துச் சென்றனர். விளைச்சல் ஏறத்தாழ 11 சதவீதம் கூடியது. இட்ட நைதரசன் 15 முதல் 18 சதவீதம் வரை குறைந்தது. ஹெபெய் மாகாணத்துக் கிராமங்களில் மாணவர் உழவரோடு உடனுறைந்து கற்றுக் கற்பித்த முறை 2009 இல் தொடங்கியது. 2015 இல் அரசு பசளைப் பெருக்கத்தை நிறுத்தத் திட்டம் வகுத்தது. அவ்வாண்டில் 6 கோடித் தொன்னாக இருந்த இரசாயனப் பசளைப் பாவனை 2020 இல் ஏறத்தாழ 5 கோடியே 25 இலட்சம் தொன்னாகக் குறைந்தது. நாட்டின் நைதரசன் படிவும் 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் மேலும் ஏறாது நின்றது. சட்டம் செய்யாததைப் பள்ளியும் வயலும் கூடிச் செய்தன என்பது எம்போன்ற ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இவற்றால் யாம் கொள்ளும் முடிபு இது. வானத்திலிருந்து விழும் நைதரசனை உழவின் கணக்கேட்டில் ஒரு தனி வரியாக எழுதுதல் வேண்டும். வரவுப் பக்கத்தில் அதன் பயனை எழுதி, இடும் பசளையில் அவ்வளவைக் கழிக்க வேண்டும். செலவுப் பக்கத்தில் அது தன் வயலிலிருந்து எழுந்துபோன பொருள் என்பதை எழுதி, எழும் வழியை அடைக்க வேண்டும்: பசளையை மேலே தூவாது மண்ணுட் புதைத்தல், ஒரே முறையில் இடாது பயிரின் தேவைக்கேற்பப் பகுத்து இடுதல், எருக்குவியலை மூடிவைத்தல் என்பன அவ்வழிகளுட் சில. வரவும் செலவும் அறியாத குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். நாடுகளுக்கும் அதுவே நீதி.

இது பிறநாட்டுக் கதை, நமக்கென்ன என்று நம் நாட்டார் இருந்துவிடுதற்கில்லை. மிகையும் குறையும் இரண்டையும் நாம் கண்டவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். தோட்டத்திலிட்ட பசளையும் மலக்குழிக் கழிவும் அதனூடு விரைந்திறங்கும். பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை மீறியிருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது மிகை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அத்தடை நவம்பரில் நீக்கப்படுமுன் காலபோக விதைப்பு வந்துவிட்டது. அப்போகத்து நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இது குறை. நைதரசன் விரயத்தை 2030 ஆம் ஆண்டுக்குள் பாதியாக்குவோம் என நாடுகள் பல கூடிப் பிரகடனஞ் செய்தது 2019 ஒக்டோபரில், நமது கொழும்பு மாநகரிலேயே! பிரகடனத்துக்கும் தடைக்கும் இடையே இருந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. விரயத்தைக் குறைத்தல் வேறு, பசளையை ஒழித்தல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டது மேலே யாம் கூறிய பொருள் மயக்கத்தின் மற்றொரு வடிவமே. அளவாமல் இட்டதனால் கிணறு கெட்டது. அளவாமல் நிறுத்தியதனால் வயல் கெட்டது.

ஆதலின் அளத்தலே முதல் அறம். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, தொடர்ச்சி வேண்டும். லோஸ் காலத்து மழைமானி ஒரு நாளில் உலகுக்கு ஒன்றுஞ் சொல்லவில்லை. தலைமுறை கடந்தும் எழுதியமையாலேயே அது சாட்சியாயிற்று. ஆட்கள் மாறினர்; இரு பெரும் போர்கள் வந்து போயின; ஏடு மூடப்படவில்லை. ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை பேணும் இடம் எது என்று கேட்டால், கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் யாது?

எனவே இவ்விழாவை முன்னிட்டு நம் பழைய மாணவர் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். விழாவின் நினைவாக மண்டபமும் சிலையும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, கல்லூரி வளவில் ஒரு மழைமானியும், பெய்த மழையின் அளவையும் அதிலுள்ள நைத்திரேற்று, அமோனியம் ஆகியவற்றின் அளவையும் எழுதிவைக்க ஓர் ஏடும், அருகே உள்ள கிணற்று நீரை மாதந்தோறுஞ் சோதிக்க வேண்டிய பொருள்களும் உதவுவீர்களாக. உயர்வகுப்பு மாணவர் ஆண்டுதோறும் முறைவைத்து எழுதுவர். விஞ்ஞான ஆசிரியர் மேற்பார்ப்பர். அளந்த முறையையும் கருவியையும் முதற் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும். அஃதில்லையேல் பின்வருவோர் வேறுவகை இலக்கத்தோடு அதனை ஒப்பிட்டு மயங்குவர். ஏட்டின் மொழி பிழையறத் திருத்துவதைத் தமிழாசிரியராகிய யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

முதலாம் ஆண்டில் அவ்வேட்டினால் எவருக்கும் பயன் தோன்றாது. பத்தாம் ஆண்டிற் சிறிது தோன்றும். ஐம்பதாம் ஆண்டில், இக்கல்லூரியின் மற்றொரு விழாவில், நம்முள் எவரும் அறியாத ஒரு மாணவன் அதனைப் புரட்டி, தன் ஊரின் வானமும் நீரும் எவ்வாறு மாறின என்பதைப் பிறர் வாயாற் கேளாது தானே கண்டறிவான். அவனுக்கு நாம் விட்டுச்செல்லக்கூடிய நல்ல முதுசொம் அதுவே.